பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்தின் நடுவே நெடுஞ்சாலை: "கொஞ்சம் நிலம்தானே" என்பவர்களுக்கு என்ன பதில்?

அல்லி:

"சதுப்பு நிலம் மொத்தம் ஆயிரக்கணக்கான ஹெக்டேர், சாலைக்குப் போவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, இதற்குப் போய் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?" ஈரநிலத்தின் வழியாக நெடுஞ்சாலை போடும் பேச்சு எங்கே எழுந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். திட்ட அறிக்கைகளும் அந்தச் சதவீதத்தைத்தான் முன்னால் நிறுத்துகின்றன.

என்னைக் கேட்டால் அந்தக் கணக்கே தவறு. ஒரு கட்டடம் தான் நிற்கிற இடத்தை எடுத்துக்கொள்ளும். சாலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி நிலத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பிரிந்த இரண்டு பாதியும் பழையபடி உயிரோடு இருக்குமா என்பது எந்தச் சதவீதத்திலும் வராது. தண்ணீர், கட்டுமானம், சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உதாரணத்தோடு எழுதுங்கள். ஆதரிப்பவர்களும் தாராளமாக எழுதலாம், ஆனால் "வளர்ச்சிக்கு எதிரி" மாதிரியான பேச்சு வேண்டாம்.

நீர்வழி:

சதுப்பு நிலத்தில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது, குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆறு என்றால் ஓர் இடத்தில் பாலம் கட்டிவிட்டு மீதியைக் கரையாகப் போட்டுவிடலாம். இங்கே பல கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் மெல்லிய படலமாகப் புல்லுக்கும் கோரைக்கும் நடுவே ஊர்ந்து போகும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸில் நிலத்தின் வாட்டம் கிலோமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் அளவுதான். அவ்வளவு மெதுவாகப் போகிற தண்ணீரை நிறுத்த அணை தேவையில்லை, முழங்கால் உயர மண்மேடு போதும்.

அதன் குறுக்கே 1928-இல் டமியாமி டிரெயில் சாலையைத் திறந்தார்கள். பக்கத்திலேயே வாய்க்கால் தோண்டி, அந்த மண்ணையே கொட்டி மேடாக்கிப் போட்ட சாலை. பிற்பாடு வந்த கால்வாய்களும் கரைகளும் சேர்ந்துகொள்ள, வடக்கே தண்ணீர் தேங்கியது, தெற்கே தேசியப் பூங்கா காய்ந்தது. சாலையின் ஒரு துண்டைப் பெயர்த்துப் பாலத்தின்மேல் ஏற்றி, ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குத் தண்ணீருக்கு வழிவிட்டது 2013-இல்தான். அதற்கு அப்புறம் இன்னும் சில கிலோமீட்டர் பாலம் கட்டினார்கள். போட்ட சாலையைத் திருத்தவே எண்பத்தைந்து வருடம் ஆனது, அதுவும் பணக்கார நாட்டில்.

"அடியில் குழாய் போடுகிறோமே" என்பார்கள். குழாய்ப்பாலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். அகலமாகப் பரவி வந்த தண்ணீரை ஒரு மீட்டர் வட்டத்துக்குள் பிழிந்தால் வெளியே வரும்போது அது பீய்ச்சி அடிக்கும், வாய்ப்பகுதி மண்ணை அரித்துக் குழியாக்கும். குழாயின் அடிமட்டம் ஒரு சாண் உயர்ந்துவிட்டாலே கோடைத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாது. தாழ்ந்துவிட்டால் வண்டல் நிரம்பும். ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கழுத்தளவு தண்ணீர், மறுபக்கம் வெடித்த மண், நடுவில் பராமரிப்புக்கு ஆள் இல்லாத ஒரு குழாய்!

கரைவாசி:

நீர்வழி சொன்னதோடு கொலம்பியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய பாடம் இல்லை. கரீபியன் கடலோரத்தில் சியேனகா கிராண்டே டி சாந்தா மார்த்தா என்ற பெரிய கடற்கழி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மக்தலேனா ஆறு. இரண்டு தண்ணீரும் கலக்கிற இடத்தில் அலையாத்திக் காடு, அதை நம்பி நீர்மேல் கால்நட்டு வீடு கட்டி வாழும் மீனவ ஊர்கள்.

1956-க்கும் 1960-க்கும் இடையில் கடலுக்கும் கழிக்கும் நடுவே இருந்த மணல்திட்டின்மேல் நெடுஞ்சாலை போட்டார்கள். கடல்நீர் உள்ளே வந்துபோன வாய்கள் அடைபட்டன. எழுபதுகளில் ஆற்றோரமாகவும் கரையும் சாலையும் வந்தபோது நன்னீரும் நின்றுபோனது. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற மண்ணில் உப்பு ஏறி, சில இடங்களில் கடல்நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அலையாத்தி உப்பைத் தாங்குகிற மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தொண்ணூறுகளுக்குள் காட்டில் பாதிக்கு மேல் செத்துவிட்டது. இலையும் பட்டையும் உதிர்ந்து, வெளுத்த குச்சிகளாக மரங்கள் நின்றன. மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன.

யாரும் மரத்தை வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சாலை நின்ற இடம் ஒரு மெல்லிய மணல்திட்டு. அல்லி சொன்ன அந்தச் சதவீதக் கணக்கில் பார்த்தால் இழப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரித் திறந்த பிறகு காடு ஓரளவு திரும்பியது. ஆனால் அந்த வாய்க்கால்கள் மறுபடி தூர்ந்துபோகும், மறுபடி வார வேண்டும், அது முடிகிற வேலை இல்லை.

பயணி:

எல்லாம் சரி, படித்தேன். ஆனால் ஈரநிலத்துக்கு அந்தப் பக்கமும் ஜனங்கள் இருக்கிறார்கள். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை நாற்பது கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோகிற குடும்பத்திடம் போய்ப் பறவைக் கணக்கைச் சொல்ல முடியாது. ஊர் நடுவே கனரக லாரி போய் குழந்தைகள் அடிபடுகிற இடத்தில் புறவழிச்சாலை கேட்பது குற்றமா? எதிர்க்கிறவர்கள் பெரும்பாலும் "இங்கே போடாதே" என்பதோடு நிறுத்திவிடுகிறீர்கள். எங்கே போடுவது என்று நீங்களே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பேச்சை அதிகாரியும் கேட்கமாட்டார், அந்த ஊர்க்காரரும் கேட்கமாட்டார்.

மீன்கொத்தி:

பயணி கேட்பது நியாயம். போலந்தில் நடந்தது அப்படியே இதுதான். ஆகுஸ்டூவ் என்ற ஊர் வழியாகத்தான் பால்டிக் நாடுகளுக்குப் போகும் லாரிகள் அத்தனையும் போய்க்கொண்டிருந்தன. ஊர்க்காரர்கள் புறவழிச்சாலை கேட்டது உண்மையான கஷ்டத்தால். அரசு தேர்ந்த தடமோ ரோஸ்புடா பள்ளத்தாக்கின் குறுக்கே போனது. பாதி மக்கிய செடிகொடி அடுக்கடுக்காகப் படிந்து கரிமண்ணாகி, நிலத்தடி நீர் ஊறி ஊறி உயிரோடு வைத்திருக்கும் கரிச்சதுப்பு அது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நேச்சுரா 2000 பாதுகாப்பில் இருந்த இடம். 2007-இல் அனுமதி கிடைத்ததும் போராட்டம் வெடித்தது, ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றத்துக்கே போனது. 2009-இல் ராச்கி என்ற ஊர்ப்பக்கமாகச் சுற்றிப்போகும் தடத்தை அரசு எடுத்துக்கொண்டது, 2014-இல் சாலையும் திறந்துவிட்டார்கள். ஊருக்குப் புறவழி கிடைத்தது, சதுப்பும் இருக்கிறது.

அந்த மாற்றுத் தடத்தை முதலிலேயே உண்மையாக ஆராய்ந்திருந்தால் அந்த ஊர் ஜனங்கள் இத்தனை வருடம் லாரிப் புகையில் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இதில் கோபமே அங்கேதான். தடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, சூழல் அறிக்கையைப் பின்னால் தயாரிக்கிறார்கள். மாற்று வழி என்று மூன்று கோடு போட்டிருப்பார்கள், மூன்றும் அதே சதுப்புக்குள்தான் போகும்.

தடம்பதி:

சாலைத் திட்டங்களில் பல காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஈரநிலம் வழியாக ஏன் கோடு போகிறது? அங்கே வீடு இல்லை, இழப்பீடு கேட்டு வழக்குப் போட ஆள் இல்லை, பெரும்பாலும் அரசு நிலம். வரைபடத்தில் காலி இடமாகத் தெரியும். முதல் மதிப்பீட்டில் அதுதான் மலிவான தடம்.

வேலை ஆரம்பித்த பிறகு அந்த மலிவு போய்விடும். கரிமண்ணில் பத்தில் ஒன்பது பங்குவரை தண்ணீர்தான். மேலே மண்ணைக் கொட்டினால் அது அமுங்கும், பக்கவாட்டில் பிதுங்கும். அதனால் கரிமண்ணை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும், அல்லது மண்ணிலுள்ள தண்ணீரை வெளியேற்றும் வடிகால் பட்டைகளை ஆழமாக இறக்கி, மேலே பாரம் ஏற்றி, மாதக்கணக்கில் அமுங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகும் பாலம் முடிந்து கரை தொடங்குகிற இடத்தில் வருடாவருடம் ஒரு பள்ளம் விழும், வண்டி அதில் குதிக்கும், தார் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முப்பது வருடப் பராமரிப்பைச் சேர்த்துக் கூட்டினால் சுற்றுவழி பல இடங்களில் மலிவாகவே வரும். அந்தக் கூட்டலை ஒப்பந்தத்துக்கு முன்னால் யாரும் செய்வதில்லை.

வேறு வழியே இல்லாத இடமும் உண்டு, மறுக்கவில்லை. அங்கே கரை போடக் கூடாது, முழு நீளமும் தூண்மேல் போக வேண்டும். லூசியானாவின் அட்சாஃபலாயா படுகையில் 1973-இல் திறந்த பாலம் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். கட்டும் முறையும் முக்கியம். வட கரோலினாவில் 2010-இல் திறந்த ஒரு புறவழிப் பாலத்தை மேலிருந்தே கட்டினார்கள். முடிந்த பாலத்தின்மேல் நிற்கும் இயந்திரம் அடுத்த தூணை இறக்கி, அதன்மேல் நகர்ந்து, அதற்கடுத்த தூணுக்குப் போகும். சதுப்பில் தற்காலிகச் சாலை தேவைப்படவில்லை. பல திட்டங்களில் பாலம் தூண்மேல் இருக்கும், ஆனால் அதைக் கட்டுவதற்காக லாரி போக ஒரு மண்சாலையைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுப் போய்விடுவார்கள். தண்ணீரை அடைப்பது அந்த "தற்காலிக" மண்சாலைதான்.

மீன்கொத்தி:

> தடம்பதி எழுதியது: முழு நீளமும் தூண்மேல் போக வேண்டும்

தண்ணீருக்கு இது நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "தூண்மேல் போகிறது, அதனால் பாதிப்பு இல்லை" என்று அறிக்கையில் எழுதி முடித்துவிடுவதை ஏற்க முடியாது. ரோஸ்புடாவிலும் அரை கிலோமீட்டர் பாலம் கட்டுகிறோம் என்றுதான் சொன்னார்கள். தூண் இறங்குகிற இடத்தில் கரிமண்ணும் அடிநீர் ஓட்டமும் கெடும் என்பதுதான் அங்கே விஞ்ஞானிகளின் கவலை.

அப்புறம் மேலே ஓடுகிற வண்டியிலிருந்து கீழே விழுவது. அமெரிக்காவின் வடமேற்கில் முதல் மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே ஓடைகளில் செத்துக்கொண்டிருந்தன, பல வருடம் காரணம் தெரியவில்லை. 2020-இல் கண்டுபிடித்தார்கள்: டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உருவாகும் ஒரு நஞ்சு. டயர் தேய்ந்து தூளாகிறது, மழை அதைக் கழுவி ஓடையில் விடுகிறது. அதே ஓடைக்கு வரும் 'சம்' என்ற இன்னொரு வகைச் சால்மனுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. எந்த உயிருக்கு எது விஷம் என்று முன்கூட்டித் தெரியாது, அதுதான் பயம். பாலத்தின் மழைநீரைக் குழாய் வழியாக நேரே கீழே விடுவது வழக்கமான வடிவமைப்பு. அதைச் சேகரித்து வெளியே கொண்டுபோய் வடிகட்டச் சொல்லுங்கள், உடனே செலவு என்பார்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவின் ஐடஹோவில் சாலையே இல்லாத ஒரு மலைச்சரிவில் வரிசையாக ஒலிபெருக்கி வைத்து, போக்குவரத்துச் சத்தத்தை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். வலசை வந்த பறவைகளில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. தார் இல்லை, வண்டி இல்லை, வெறும் சத்தம். தூண்மேல் போகிற சாலையில் அந்தச் சத்தம் குறையப்போவதில்லை.

பயணி:

விலங்குகள் கடப்பதற்குச் சுரங்கம், வேலி எல்லாம் வைக்கிறார்களே, அது பயன் தருவதில்லையா?

மீன்கொத்தி:

சரியாகச் செய்தால் தருகிறது. புளோரிடாவில் பெய்ன்ஸ் பிரெய்ரி என்ற புல்வெளிச் சதுப்பின் நடுவே நெடுஞ்சாலை 441 போகிறது. பாம்பு, தவளை, ஆமை, முதலை என்று நசுங்காத நாளே இல்லை. 2001 வாக்கில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குச் சற்று உயரமான கான்கிரீட் சுவர் எழுப்பி, கீழே கடக்கும் வழிகள் அமைத்தார்கள். சுவரின் மேல்விளிம்பு சதுப்புப் பக்கமாக ஒரு கையகலம் வளைந்து நிற்கும், ஏறி வருகிற பாம்பு அந்த வளைவில் தோற்றுத் திரும்பும். அதற்கு முந்தைய ஓராண்டுக் கணக்கெடுப்பில் செத்த விலங்குகள் 2,411, சுவருக்குப் பிறகு ஓராண்டில் 158. மரத்தவளைகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அவற்றின் விரல்நுனியில் ஒட்டும் பட்டை இருப்பதால் எந்தச் சுவரையும் ஏறிவிடும்.

ஆமைதான் எனக்குப் பெரிய கவலை. பல சதுப்பு ஆமைகள் முட்டையிடும் வயதுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். முட்டையிட வெயில்படும் சரளை மண்ணைத் தேடும், சாலையோரம் அதற்கு அருமையான இடமாகத் தெரியும். அடிபடுவது பெரும்பாலும் வளர்ந்த பெட்டைகள். வருடத்துக்கு நூற்றில் இரண்டு மூன்று கூடுதலாகச் செத்தாலே அந்தக் கூட்டம் மெல்ல அழிந்துபோகும், பார்க்கிறவர்களுக்குப் பல வருடம் தெரியவே தெரியாது.

சட்டவாசகன்:

"பாதுகாக்கப்பட்டது" என்றால் தொடவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான 1971 ராம்சர் உடன்படிக்கையின் 2.5 பிரிவு, அவசரமான தேசிய நலனுக்காக ஒரு நாடு தன் ராம்சர் இடத்தின் எல்லையைக் குறைக்கலாம், பட்டியலிலிருந்தே எடுக்கவும் செய்யலாம் என்கிறது. அப்படிச் செய்தால் 4.2 பிரிவின்படி முடிந்தவரை ஈடுசெய்ய வேண்டும். எது "அவசரமான தேசிய நலன்" என்பதை அந்த நாடே சொல்லிக்கொள்ளலாம், பொத்தல் அதுதான். உள்நாட்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கடைசியில் நீதிமன்றத்தில் நிற்கும். ரோஸ்புடா தப்பியது ஐரோப்பிய வாழிடச் சட்டத்தால், ராம்சரால் இல்லை.

ஈடு என்ற பேச்சையும் நம்பி ஏமாற வேண்டாம். உலகம் முழுக்க மீட்டெடுத்த, புதிதாக உருவாக்கிய 621 ஈரநிலங்களைத் தொகுத்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. நூறு வருடம் ஆன பிறகும் செடிகொடி, உயிரினம் சார்ந்த அமைப்பு இயற்கையான ஈரநிலத்தைவிடச் சராசரியாக 26 சதவீதம் குறைவு, மண்ணில் கரியைச் சேர்க்கிற மாதிரியான வேலைகள் 23 சதவீதம் குறைவு. ஒரு ஹெக்டேருக்கு ஒரு ஹெக்டேர் என்று எழுதிக் கொடுப்பது தாளில் மட்டும்தான் சமம்.

கரைவாசி:

சாலை வந்த பிறகு நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டும். தண்ணீர் வராத பாதி சில வருடத்தில் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தை "இது இப்போது சதுப்பே இல்லையே" என்று அளந்து எல்லையை மாற்றக் கேட்பார்கள். அதற்குள் சாலையோரம் லாரி நிறுத்தம், கிடங்கு, அப்புறம் மனைகள். குப்பை கொட்டவும் சாலை வசதியாகிவிடும். வலை போட்டுப் பிழைத்தவனுக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்காது, ஏனென்றால் அவன் பெயரில் நிலம் இல்லை. மழை பெரிதாக வரும் வருடத்தில், முன்பு சதுப்பு குடித்த தண்ணீர் வீடுகளுக்குள் வரும். அப்போது அதைச் சாலையோடு யாரும் சேர்த்துப் பேசமாட்டார்கள்.

பயணி:

சரி, நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். எல்லா இடத்திலும் அரசு பின்வாங்காது. எங்காவது நின்றிருக்கிறதா, எந்தக் கட்டத்தில்?

அல்லி:

நின்றிருக்கிறது. பிரிட்டனின் வேல்ஸில் நியூபோர்ட் அருகே எம்4 நெடுஞ்சாலை நெரிசலுக்காகக் குவென்ட் சமவெளி என்ற ஈரநிலம் வழியாகப் புதுச்சாலை போடுவதாக இருந்தது. பொது விசாரணை நடத்திய ஆய்வாளர் போடலாம் என்றே சொன்னார். ஆனால் 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் செலவையும் சூழலையும் காரணம் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு அமைத்த ஆணையம் புதிய ரயில் நிலையங்களும் பேருந்து வழிகளும் கொண்ட திட்டத்தைப் பரிந்துரைத்தது. பயணி கேட்ட "வேறு என்ன வழி" என்பதற்கு ரயிலும் ஒரு பதில்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தாமதமாக நின்றது. பீலியார் ஈரநிலம் வழியாக ரோ 8 சாலைக்கு 2016 டிசம்பரில் மரம் வெட்ட ஆரம்பித்தார்கள், மக்கள் இயந்திரத்தின் முன்னால் நின்று கைதானார்கள், 2017 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் வேலை நின்றது. அந்த மூன்று மாதத்தில் போன காட்டை இன்னும் நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தடம் வரைகிற கட்டத்தில் பேசினால் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும், இயந்திரம் வந்த பிறகு பேசினால் இந்தக் கதி.

நீர்வழி:

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் நீர்மட்டம் எவ்வளவு என்று குறைந்தது ஒரு முழு வருடம், மழைக்காலமும் கோடையும் சேர்த்து அளந்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரே மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை என்றால் அதைச் சொல்லியே நிராகரிக்கக் கோரலாம். சதுப்புக்கு வெளியே போகும் மாற்றுத் தடம் ஒன்றாவது இருக்கிறதா, அதன் பராமரிப்புச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்பது அடுத்தது. கேள்வியை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டது அறிக்கையில் ஏறாது.

தடம்பதி:

அதோடு இன்னொன்று. கட்டுமானத்துக்கான தற்காலிக மண்சாலையை எந்தத் தேதிக்குள் அகற்றுவார்கள், அகற்றும்வரை எவ்வளவு தொகையைப் பிடித்து வைப்பார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். "வேலை முடிந்ததும் அகற்றப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது அகற்றப்படாது. ஒப்பந்த ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள்.

பயணி:

எங்கள் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுக்கிறேன். புறவழிச்சாலை வேண்டும் என்ற கோரிக்கையும் அதே மனுவில் இருக்கும்.